வண்டி ஆறிவிட்டது, ஆல்டர்நேட்டர் ஆறவில்லை

பேட்டரி மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மே மாதம், கத்திரி வெயில். காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் மாட்டு வண்டி மேடேறுவதுபோல இழுத்து இழுத்துச் சுற்றியது. நாலாவது முயற்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மறுநாள் அதுவும் இல்லை. ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வண்டி 2013 மாடல், சின்ன பெட்ரோல் கார், 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. தினமும் வேளச்சேரியிலிருந்து தரமணிக்குப் போய்வருவதுதான் அதன் பிழைப்பு. பிப்ரவரியில் இதே இழுவை வந்தபோது பேட்டரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வாங்கிய தேதியைப் பார்த்தார். “நாலு வருஷம் ஓடியிருக்கு சார், நம்ம ஊர் வெயிலுக்கு இதுவே ஜாஸ்தி” என்றார். நியாயமாகத்தான் பட்டது. பழசைக் கொடுத்துவிட்டு மேலே 3,900 ரூபாய் போட்டுப் புதுசு மாட்டிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது.

இப்போது அதே கடைக்குப் போனால் வாரண்டியில் வேறு பேட்டரி தரலாம். ஆனால் மூன்று மாதத்தில் இரண்டு பேட்டரி சாகிறது என்றால் குற்றவாளி பேட்டரியாக இருக்க வாய்ப்பு குறைவு என்று தோன்றியது. நான் எலக்ட்ரீஷியன் இல்லை. வீட்டில் 600 ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை லீவு. பார்த்துவிடலாம் என்று பானட்டைத் திறந்தேன்.

முதலில் பேட்டரி. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து இரண்டு முனையிலும் தொட்டேன். 11.9. கார் பேட்டரிக்குள் ஆறு செல், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். முழுசாக சார்ஜ் ஏறியிருந்தால் 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி. 11.9 என்றால் கிட்டத்தட்ட அடிவண்டல். இந்தக் கணக்கெல்லாம் வண்டி ஓடாமல் சில மணி நேரம் சும்மா நின்ற பிறகுதான் செல்லும். ஓட்டி வந்து நிறுத்திய கையோடு அளந்தால் 12.9 என்றுகூடக் காட்டி ஏமாற்றும். அவசரமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளக்கலாம்.

என்னுடையது மூடி திறக்கிற வகை என்பதால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ராமீட்டரும் போட்டுப் பார்த்தேன். சின்ன ரப்பர் பல்பு, கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு மிதவை. 150 ரூபாய் சாமான். சீல் வைத்த பேட்டரிக்காரர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. ஆறு செல்லும் 1.140-இலிருந்து 1.150-க்குள் நின்றன. முழு சார்ஜில் 1.260, 1.270 என்று இருக்க வேண்டியவை. அளவு குறைவுதான், ஆனால் ஆறும் ஒரே மாதிரி குறைவு. ஐந்து செல் நன்றாக இருந்து ஒன்று மட்டும் கீழே கிடந்தால் அந்தச் செல் செத்துவிட்டது, பேட்டரியை மாற்ற வேண்டியதுதான். இங்கே அப்படி இல்லை. ஆறு பேரும் ஒன்றாகப் பட்டினி கிடந்திருக்கிறார்கள். சாப்பாடு போடுகிறவரைத்தான், அதாவது எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்ணுகிற ஆல்டர்நேட்டரைத்தான், விசாரிக்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றி வீட்டு சார்ஜரில் 3.5 ஆம்பியரில் ராத்திரி முழுக்கப் போட்டேன். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இதில் மட்டும் சோம்பல் கூடாது. பாசிட்டிவ்வை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் உரசினால் வெல்டிங் பட்டறைதான். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் ஜன்னல் திறந்த பால்கனி. ஆசிட் பட்டு ஓட்டை விழுந்தாலும் பரவாயில்லை என்று தீபாவளிக்கு முந்தின தீபாவளிச் சட்டை. ஞாயிறு மதியம் 12.62 வோல்ட். திங்கள் காலைவரை வெளியிலேயே வைத்துப் பார்த்தேன், 12.61. பிடித்து வைத்துக்கொள்கிறது. பேட்டரி நிரபராதி.

மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். அதே இழுவை! முழு சார்ஜில் இருக்கிற பேட்டரியோடு அதே மாட்டு வண்டி.

இங்கேதான் எனக்குச் சுவாரசியம் பிடித்தது. ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது, நிதானமாக அளக்கலாம். பையனைச் சாவியோடு உட்கார வைத்தேன். “இப்ப திருப்பட்டுமாப்பா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கேட்டுத் திருப்பினான். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனைகளில் 10.7 வோல்ட். இது நல்ல அளவு. 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். பேட்டரி 10.7 கொடுக்கிறது, ஆனாலும் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் வழியில் யாரோ வோல்ட்டைத் தின்கிறார்கள்.

யார் என்று கண்டுபிடிக்க மீட்டரைக் குறுக்கே வைக்காமல் நெடுக வைக்க வேண்டும். அதாவது கேபிளின் இந்த முனையில் ஒரு புரோப், அந்த முனையில் ஒரு புரோப். நல்ல கேபிளாக இருந்தால் இரண்டு முனைக்கும் நடுவே வோல்ட் வித்தியாசம் அநேகமாக இருக்காது. பேட்டரி பாசிட்டிவ்விலிருந்து செல்ஃபின் தடித்த போல்ட்டுக்கு வைத்துப் பார்த்தேன்: 0.2. சரி, பரவாயில்லை. பேட்டரி நெகட்டிவ்விலிருந்து எஞ்சின் உலோகத்துக்கு வைத்தேன். 2.4! செல்ஃபுக்குப் போக வேண்டிய வோல்ட்டில் கால்பங்குக்கு அருகில் எர்த் வழியிலேயே, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற பாதையிலேயே, காணாமல் போகிறது.

அப்புறம் அங்குலம் அங்குலமாக. முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே ஒன்றுமில்லை. கியர்பாக்ஸ் போல்ட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே 0.1. கேபிளின் இரண்டு முனைக்கும் நடுவேதான் அந்த 2.3-உம். வெளியிலிருந்து பார்த்தால் கேபிள் கறுப்பாக, ஒழுங்காக, அப்பாவி மாதிரி இருந்தது. கீழ்முனையில் செம்புக் கம்பியை லக்குக்குள் (போல்ட்டில் மாட்டுகிற உலோக முனை) வைத்து நசுக்கியிருக்கிற இடத்தில் மட்டும் ரப்பர் லேசாக உப்பியிருந்தது. கழற்றி, பிளேடால் கீறினேன். உள்ளேயிருந்து பச்சைப் பொடி கொட்டியது. கைப்பிடி செம்பில் மிச்சமிருந்தது ஏழெட்டு இழை.

பச்சை எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவுக்குத் தண்ணீர். வண்டி இரண்டு நாள் அதில் நின்றது. வடிந்த பிறகு ஆயில் மாற்றினோம், ஏர் ஃபில்டர் மாற்றினோம், சீட்டைக் கழற்றி மொட்டை மாடியில் காயப்போட்டோம். எர்த் கேபிளை யாரும் நினைக்கவில்லை. அது ஒன்றரை வருடமாக உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

கேபிளை மாற்றும் முன் அந்தப் பழைய கேபிளையே திரும்ப மாட்டி சார்ஜிங்கையும் அளந்து வைத்தேன். எஞ்சினை ஒருவழியாக ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாம் முழுசாகப் போட்டு, ஆக்ஸிலரேட்டரை 2,000 ஆர்பிஎம்மில் பிடித்தேன். ஆல்டர்நேட்டரிலிருந்து கரண்ட் வெளியே வருகிற பி பிளஸ் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே 14.1. பேட்டரியில் 13.4. நடுவே தொலைந்த 0.7-இல் 0.6 அதே எர்த் கேபிளில். ஆல்டர்நேட்டருக்குள் இருக்கிற ரெகுலேட்டர் தன் வீட்டு வோல்ட்டைப் பார்த்து ‘14 வந்துவிட்டது, போதும்’ என்று நிம்மதியாக இருக்கிறது, பேட்டரிக்கு 13.4-தான் போய்ச் சேருகிறது. சென்னை வெயிலில் ஏசி இல்லாமல் யார் ஓட்டுவார்கள்? அரைமணிகூட ஓடாத வண்டி. தினமும் காலையில் எடுத்த கடனைத் திருப்பிக் கட்டாமலே மூன்று மாதம் ஓட்டியிருக்கிறேன்.

நான் மீட்டரோடு குனிந்து கிடப்பதைப் பார்த்து, அந்த வழியாகப் போன ஒரு மெக்கானிக் நின்றார். “எதுக்கு சார் இவ்ளோ வேலை? வண்டி ஓடுறப்போ பேட்டரி டெர்மினலக் கழட்டிப் பாருங்க. நிக்காம ஓடுனா டைனமோ நல்லாருக்கு” என்றார். கும்பிட்டு அனுப்பிவிட்டேன். இது 1960-களில் ஆல்டர்நேட்டர்கள் பரவும் முன் நிஜ டைனமோ இருந்த காலத்துப் பழக்கம். ஆல்டர்நேட்டர் சார்ஜ் பண்ணிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிடுங்கினால் அந்த நொடி வோல்ட் எகிறும். ரெகுலேட்டர் சுதாரிப்பதற்குள் டயோடோ, எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூவோ போய்விடலாம். பேட்டரி வெறும் தண்ணீர்த் தொட்டி மட்டுமல்ல, அலையை வாங்கிக்கொள்கிற கரையும் அதுதான். நம் ஊரில் ஆல்டர்நேட்டரை இன்றும் டைனமோ என்றுதான் சொல்கிறோம். பெயரோடு பழைய வைத்தியமும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

ஜி.பி. ரோட்டில் 320 ரூபாய்க்கு ரெடிமேட் எர்த் கேபிள் கிடைத்தது. கியர்பாக்ஸில் லக் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு உலோகம் பளபளக்கும்வரை தேய்த்தேன். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினேன். முதலில் தடவிவிட்டு இறுக்குகிறவர்களும் உண்டு; எனக்கு இதுதான் பிடிக்கும். செல்ஃப் ஒரே தொடலில் சீறியது. எர்த்தில் தொலைவது 0.1-தான். முழு லோடில் பேட்டரிக்கு 13.9 வருகிறது. பையனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அன்றைக்கே மீட்டரை ஏசி (குளிர்சாதனம் அல்ல, மாறுதிசை மின்சாரம்) வோல்ட்டில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்தேன். ஆல்டர்நேட்டர் உற்பத்தி செய்வது மூன்று ஃபேஸ் ஏசி. உள்ளே இருக்கிற டயோடுகள்தான் அதை டிசி, அதாவது ஒரே திசை மின்சாரம், ஆக்குகின்றன. டயோடு எல்லாம் நலமாக இருந்தால் வெளியே கசிகிற ஏசி 0.1 வோல்ட்டுக்குள் இருக்கும். எனக்கு 0.3 காட்டியது. 600 ரூபாய் மீட்டர், அப்படித்தான் காட்டும் என்று விட்டுவிட்டேன். மற்ற எண்களையெல்லாம் அதே மீட்டரில்தான் நம்பினேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மாமியாரைத் தாம்பரத்தில் ரயிலேற்ற விடிகாலை ஐந்தரைக்கு வண்டியை எடுக்கப் போனால், ‘டக்’. முந்தின நாள் இரவு ஒன்பது மணிவரை நன்றாக ஓடிய வண்டி. ஓலாவோ ஆட்டோவோ பிடிக்கிற அமளியில் என் மனைவி கார் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஏங்க, சாவி உங்க கையிலதானே இருக்கு? அப்புறம் ஏன் உள்ள சிவப்பா ஒண்ணு எரியுது?”

டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு. சாவி இல்லாமல், இருட்டில் மட்டும் தெரிகிற அளவுக்கு மங்கலாக. சாவியைப் போட்டு ஆன் வரை திருப்பினேன், அணைந்துவிட்டது! சாவி போட்டதும் எரிய வேண்டியது, எடுத்ததும் அணைய வேண்டியது, எல்லாம் தலைகீழ்.

மாமியாரை ஆட்டோவில் அனுப்பிவிட்டு வந்து பானட்டைத் திறந்தேன். பேட்டரி 11.4. ஏதோ யோசனையில் கையை ஆல்டர்நேட்டர் மேல் வைத்தேன். கதகதப்பாக இருந்தது. எட்டரை மணி நேரம் நின்ற வண்டி. எஞ்சின் பிளாக் ஜில்லென்று இருக்கிறது, ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கிறது, இது மட்டும் இளஞ்சூட்டில் வைத்த பால் பாத்திரம் மாதிரி. பத்து நம்பர் ஸ்பேனரைப் புல்லி நட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ‘சடக்’ என்று ஒட்டிக்கொண்டது. சாவியே இல்லாமல் ரோட்டர், அதாவது ஆல்டர்நேட்டருக்குள் சுழல்கிற பாகம், காந்தமாகி நிற்கிறது.

இனி மீட்டருக்கு உறுதி செய்கிற வேலைதான். பேட்டரியை மறுபடி சார்ஜ் ஏற்றி மாட்டினேன். கரண்ட் அளக்க மீட்டர் வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே மீட்டரைச் சேர்த்தேன். இந்த நிலையில் சாவியைத் தொடவே கூடாது. செல்ஃப் எடுக்கிற நூற்றுச் சொச்சம் ஆம்பியரில் மீட்டர் ஃபியூஸ் பறந்துவிடும். வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் தூங்கப் போக அரைமணி விட்டுப் பார்த்தேன். 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 2.9 ஆம்பியர். எட்டரை மணி நேரத்துக்குப் பெருக்கினால் கிட்டத்தட்ட 25 ஆம்பியர்-ஹவர். 35-இல் 25 போனால் மிச்சமிருப்பது ‘டக்’ சத்தத்துக்குத்தான் காணும்.

வழக்கமான முறை, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எப்போது கரண்ட் குறைகிறது என்று பார்ப்பது. உள்ளே இருந்ததெல்லாம் பிடுங்கினேன், பானட்டுக்குள் இருந்ததெல்லாம் பிடுங்கினேன். 2.9 அசையவில்லை. ஆல்டர்நேட்டரின் தடித்த வயர் அந்தச் சின்ன ஃபியூஸ்கள் வழியாகவே போவதில்லை. ஃபியூஸ் பெட்டியை மட்டும் நம்பினால் இந்தத் திருடனைப் பிடிக்கவே முடியாது. நெகட்டிவ்வை முழுசாக எடுத்துவிட்டு, பி பிளஸ் நட்டைக் கழற்றி, வயரின் வாயில் இன்சுலேஷன் டேப் சுற்றி, மீண்டும் மீட்டர் வழியாக இணைத்தேன். 0.02.

நடந்தது இதுதான். டயோடு ஒற்றைக் கதவு மாதிரி. ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்குக் கரண்ட் போகலாம், திரும்பி வரக் கூடாது. பாசிட்டிவ் பக்கத்து டயோடு ஒன்று ஷார்ட் ஆகி அந்தக் கதவு திறந்தே கிடந்தது. பேட்டரிக் கரண்ட் அதன் வழியாக ஸ்டேட்டர் (சுழலாமல் நிற்கிற கம்பிச்சுருள்) சுற்றுக்குள் நுழைந்து, அங்கிருந்து ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் சின்ன டயோடுகள் வழியாகப் போய் ரோட்டரைக் காந்தமாக்கிச் சூடேற்றிக்கொண்டே இருந்தது. அதே முனையில்தான் பேட்டரி விளக்கின் ஒரு காலும் இருக்கிறது. சாவியை எடுத்தால் விளக்கின் அந்தப் பக்கம் மட்டும் 12 வோல்ட், அதனால் எரிந்தது. சாவியைப் போட்டால் இரண்டு பக்கமும் 12, அணைந்தது.

ஆல்டர்நேட்டரைக் கழற்றுவது நினைத்ததைவிடச் சுலபம்: பெல்ட் டென்ஷன் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை உருவி, கப்ளரைப் பிடுங்கி, இரண்டு போல்ட். மேலே எடுக்கத்தான் முட்டி சிராய்த்தது. பையில் போட்டுக்கொண்டு தெரு முனையில் இருக்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அறுபது வயது இருக்கும். ஸ்பேனர் ஒட்டிய கதையைச் சொன்னதும் சிரித்தார். “அப்ப டயோடுதான் தம்பி. கொண்டாங்க இப்டி.”

நீள போல்ட்டுகளைக் கழற்றி, சுத்தியலால் மெதுவாகத் தட்டி இரண்டாகப் பிரித்தார். உள்ளே அலுமினியத் தகட்டு இடுக்கெல்லாம் மெல்லிய சாம்பல் நிற வண்டல், வெள்ளத்தின் முகவரிச் சீட்டு. அந்த வண்டல் கம்பளி போர்த்தியதுபோல டயோடு தகட்டை மூடியிருந்தது. காற்று பட்டால்தான் டயோடு ஆறும். மூச்சு முட்டித்தான் செத்திருக்கும் என்பது அவர் கணிப்பு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பெரிய சோல்டரிங் அயர்னால் ஸ்டேட்டரின் மூன்று கம்பியையும் உருக்கி எடுத்துவிட்டு “நீங்களே பாருங்க” என்று தகட்டை நீட்டினார். மீட்டரை டயோடு குறியில் வைத்தேன். நல்ல டயோடு ஒரு பக்கம் 0.5 காட்டி, புரோப்பை மாற்றிப் பிடித்தால் ஒன்றும் காட்டாது. ஐந்து அப்படியே சொன்னன. ஆறாவது இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டிக் ‘கீ...’ என்று கத்தியது.

தகடு 850 ரூபாய். சுழலும் ரோட்டருக்குக் கரண்ட் கொண்டுபோகிற கார்பன் பிரஷ் நாலு மில்லிமீட்டர்தான் மிச்சம் என்பதால் அதையும் மாற்றச் சொன்னேன். மாட்டும்போது அவர் செய்த ஒரு வேலையைப் பார்க்கக் காசு கொடுக்கலாம். பிரஷ் இரண்டையும் ஸ்பிரிங்கோடு கூட்டுக்குள் அழுத்தி, பின்மூடியில் இருக்கிற ஊசித் துளை வழியாக ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைச் செருகி நிறுத்தினார். ரோட்டரை உள்ளே இறக்கி, போல்ட்டையெல்லாம் முறுக்கிவிட்டு, கடைசியில் கம்பியை உருவினார். உள்ளே பிரஷ் ரோட்டரின் ஸ்லிப் ரிங் என்கிற வளையம் மேல் உட்கார்கிற சத்தம், ‘க்ளிக்’. பேரிங்கைக் கையால் சுற்றிக் காதில் வைத்துக் கேட்டார். “இது இன்னும் ஓடும், காசை வீணாக்காதீங்க.” கூலியும் பிரஷும் சேர்த்து 700.

மாட்டிய பிறகு: சும்மா ஓடும்போது 14.2, முழு லோடில் 14.0, கசிகிற ஏசி அதே 600 ரூபாய் மீட்டரில் 0.04, சாவி எடுத்த பின் 0.02 ஆம்பியர். பிப்ரவரியில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பழைய பேட்டரி உண்மையிலேயே செத்துத்தான் இருந்ததா என்று இனி தெரிந்துகொள்ள வழியில்லை. யார் வண்டியில் ஓடுகிறதோ, எந்த உலையில் உருகியதோ.

ஒரு வேலை பாக்கி. மழை பெய்த காலைகளில் ஸ்டார்ட் பண்ணியதும் பெல்ட் இரண்டு நொடி கத்துகிறது. கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு அமுங்க வேண்டியது, அதைவிடத் தாராளமாக அமுங்குகிறது. உள்பக்கம் வெடிப்பும் தெரிகிறது. புது பெல்ட் வாங்கி டிக்கியில் போட்டாயிற்று. இந்தத் தடவை தான்தான் மாட்டுவேன் என்று பையன் நிற்கிறான். ஆல்டர்நேட்டரைக் கழற்றிய அன்று அவன் கையில் கொடுத்த பன்னிரண்டு நம்பர் ஸ்பேனரைத்தான் காணோம்.